பழைய எஸ்பிஈ கோப்பு திறக்கிறது, புதியதில் படம் நகர்கிறது (இகோர் புரோ)

கெலுகோர்_மாணவி:

வணக்கம். பினாங்கில் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். கேலியம் நைட்ரைடு படலத்தின் மேல் 325 நானோமீட்டர் லேசரை அடித்து, அதிலிருந்து வரும் ஒளியை நிறமாலைமானி வழியாகக் கேமராவில் பிடிப்பதுதான் என் வேலை. கேமரா 1340-க்கு 400 பிக்சல். கோப்புகள் எல்லாம் எஸ்பிஈ வகை, கேமராவின் மென்பொருள் எழுதுவது.

எங்கள் கூடத்தில் அந்தக் கேமராவுக்கென்றே ஒரு பழைய எக்ஸ்பி கணினி இருந்தது. கேமராவை இயக்கும் வின்ஸ்பெக் மென்பொருள் அதில்தான் ஓடும். மதர்போர்டில் கெப்பாசிட்டர் நாலைந்து உப்பிக்கொண்டு வந்தது எல்லோருக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் பேச்சு மூச்சு இல்லாமல் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் பிழைத்ததால் கோப்புகள் கைக்கு வந்தன. அதற்குப் பிறகு எடுத்த அளவீடுகள் வேறொரு கூடத்தில், வேறு நிறமாலைமானியில், லைட்ஃபீல்ட் மென்பொருளில் எடுத்தவை. அதே அளவு கேமராதான், கோப்பும் அதே எஸ்பிஈதான்.

பேராசிரியர் இகோர் புரோ என்ற தரவு ஆய்வு மென்பொருளை விட மாட்டார். எனக்கு முன்னால் படித்த சீனியர் ஒருவர் எழுதி வைத்த புரொசீஜர்கள் (இகோருக்கான சிறு நிரல்கள்) அதில் நிறைய. பீக் பொருத்துவது, பின்னணி கழிப்பது எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஆகவே "வேறு மென்பொருளுக்கு மாறுங்கள்" என்ற பதில் எனக்கு உதவாது.

எஸ்பிஈ திறக்க ஒரு புரொசீஜரும் அந்தக் கணினியிலேயே கிடைத்தது. அதை வைத்துத் திறந்தால் இப்படி:

முதல் கோப்பு, பழையது, 1,076,100 பைட். அழகாகத் திறக்கிறது.

இரண்டாவது, அதுவும் பழையது, 2,148,100 பைட். கோப்பின் பெயரில் சீனியர் "இருட்டு கழித்தது" (ஒளி விழாதபோதும் கேமரா காட்டும் எண்ணிக்கையைக் கழித்தது) என்று குறித்திருக்கிறார். திறந்தால் செங்குத்தாகக் கோடு கோடாக வருகிறது. எண்களைப் பார்த்தால் ஒன்று விட்டு ஒன்று 17 ஆயிரத்தைச் சுற்றி நிற்கிறது, சில இடத்தில் 49 ஆயிரம். இடையில் இருப்பவை என்னவென்றே புரியவில்லை.

மூன்றாவது, லைட்ஃபீல்ட் கோப்பு, 20 ஃபிரேம் (அடுத்தடுத்து எடுத்த 20 படம்), 21,561,907 பைட். முதல் ஃபிரேம் சரி. இரண்டாவதில் படம் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசி ஃபிரேமில் பீக் வேறு எங்கோ இருக்கிறது. மாதிரி சூடாகி பீக் நகர்கிறது என்று முதலில் ஒருவர் சொன்னார்! வலது ஓரத்தில் இருந்து போனது இடது ஓரத்தில் வருவதால் அது இயற்பியல் இல்லை என்று எனக்கே தெரிகிறது.

யாராவது வழி சொல்லுங்கள்.


செந்தூல்_ராஜா:

இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் சிஸ்டர். லைட்ஃபீல்ட் இருக்கிற கூடத்திலேயே டிஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து கேளுங்கள். டிஃப்பை இகோர், இமேஜ்ஜே, மேட்லாப் எல்லாமே திறக்கும். வேலை முடிந்தது.


பாயான்_பழசு:

ராஜா தம்பி, டிஃப் என்பதில் தப்பில்லை. எந்த டிஃப் என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் விட்டால் பத்தில் எட்டுப் பேர் திரையில் தெரிகிற மாதிரியே 8 பிட்டில் அமுக்கிக் கொடுத்துவிடுவார்கள். தங்கச்சியின் மாதிரியில் பேண்ட் எட்ஜ் பீக் (கேலியம் நைட்ரைடின் முதன்மையான ஒளி) 40 ஆயிரம் எண்ணிக்கை, மஞ்சள் பக்கம் வருகிற ஒளி 300 எண்ணிக்கை என்று வைத்துக்கொள். 256 படியில் அமுக்கினால் ஒரு படிக்கே 156 எண்ணிக்கை. அந்த மஞ்சள் ஒளி முழுவதும் இரண்டு படிக்குள் முடிந்துபோகும். படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆய்வேட்டில் போட முடியாது. அதோடு அலைநீளம், நேரம் எல்லாம் போச்சு.

இனி விஷயத்துக்கு வருவோம். நான் பாயான் லெப்பாஸில் ஃபெயிலியர் அனாலிசிஸ் பக்கம் இயந்திரம் பார்க்கிறவன். ஒரு இயந்திரம் வரும், அதோடு ஒரு ஃபைல் வகை வரும். பத்து வருஷத்தில் இயந்திரம் போய்விடும், ஃபைல் மட்டும் நம்மிடம் இருக்கும். அதனால் எந்த ஃபைலாக இருந்தாலும் மென்பொருளைத் தேடுவதற்கு முன்னால் கால்குலேட்டரை எடு.

1340 பெருக்கல் 400, 536,000 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 2 பைட் என்றால் 1,072,000. உன் முதல் ஃபைல் 1,076,100. வித்தியாசம் 4100. எஸ்பிஈயின் ஹெடர், அதாவது படத்துக்கு முன்னால் விவரம் எழுதிய பகுதி, மிகச்சரியாக 4100 பைட்தான், ஆகவே அந்த ஃபைலில் ஒளிந்து கிடப்பது ஒன்றும் இல்லை.

இரண்டாவது ஃபைல் 2,148,100. 4100-ஐக் கழித்தால் 2,144,000. பிக்சலால் வகுத்தால் 4. அதாவது ஒரு பிக்சலுக்கு 4 பைட். உன் சீனியர் இருட்டைக் கழித்ததும் வின்ஸ்பெக் அதை 32 பிட் மிதவை எண்ணாக (தசமப் புள்ளி உள்ள எண்) எழுதியிருக்கிறது. உன் புரொசீஜர் அதையும் 16 பிட் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் இரண்டாகப் பிளந்து படிக்கிறது. நீ சொன்ன 17 ஆயிரம்தான் கையும் களவுமாகப் பிடிபட்ட இடம். 32 பிட் மிதவை எண்ணின் மேல் பாதியை மட்டும் முழு எண்ணாகப் படித்தால் 128 என்பது 17152 ஆகத் தெரியும், 512 என்பது 17408, 1024 என்பது 17536. எட்டு மடங்கு ஏறினாலும் அது 17 ஆயிரத்திலேயே நிற்கும். 49 ஆயிரம் வருகிற இடமெல்லாம் நெகடிவ் எண். இருட்டைக் கழித்த பின் பின்னணி சுழியத்தைச் சுற்றி மேலும் கீழும் ஆடும் இல்லையா, அதில் கீழே போனவை அவை. மைனஸ் 10 என்பது 49440 ஆக வரும். இடையில் உனக்குப் புரியாமல் கிடப்பது அதே எண்ணின் கீழ் பாதி. அதைப் புரிந்துகொள்ளத் தேவையே இல்லை.

இதையெல்லாம் ஊகிக்கவும் வேண்டாம், ஹெடரிலேயே எழுதியிருக்கிறது. ஹெச்எக்ஸ்டி மாதிரி, ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திற. தொடக்கத்திலிருந்து 42-ஆம் பைட்டில் அகலம், 656-இல் உயரம், இரண்டும் 2 பைட் எண்கள். 656-இல் உனக்கு 90 01 என்று தெரிய வேண்டும். சிறிய பைட் முதலில் வருகிறது, அதைத் திருப்பிப் படித்தால் 400. 108-இல் எண் வகை: 0 என்றால் 32 பிட் மிதவை, 1 என்றால் 32 பிட் முழு எண், 2 என்றால் குறியுள்ள 16 பிட், 3 என்றால் குறியில்லாத 16 பிட். உன் முதல் ஃபைலில் 03 00, இரண்டாவதில் 00 00 இருக்கும், பந்தயம் வைக்கலாம். 1446-இல் ஃபிரேம் எண்ணிக்கை, 4 பைட். ஹெடரின் கடைசி இரண்டு பைட், அதாவது 4098-இல், 55 55. அது இல்லையென்றால் வின்ஸ்பெக் எழுதிய முழு ஹெடர் அது இல்லை.

உன் புரொசீஜரைத் திறந்து பார். 108-ஐப் படிக்கவே இல்லை என்றால் எழுதியவர் தன் கேமராவுக்கு மட்டும் எழுதியிருக்கிறார். அது குற்றம் இல்லை, இந்த மாதிரி நிரல் எல்லாம் அப்படித்தான் பிறக்கிறது. வானியல்காரர்களின் ஃபிட்ஸ் மாதிரி 80 எழுத்து வரிகளில், கண்ணால் படிக்கிற ஹெடரோடு வந்தால் நமக்கு ஏது வேலை!

மூன்றாவது ஃபைலுக்கு வருகிறேன். லைட்ஃபீல்ட் எழுதுவது எஸ்பிஈ 3. பெயர் ஒன்று, முன்னால் அதே 4100 பைட், ஆனால் உள்ளே வேறு ஆள். ஹெடரில் சில இடங்களை மட்டும் நிரப்பிவிட்டு, மீதி எல்லா விவரத்தையும் ஃபைலின் வாலில் எக்ஸ்எம்எல் ஆக எழுதுகிறது. அந்த வால் எந்த பைட்டில் தொடங்குகிறது என்பது 678-இல் 8 பைட் எண்ணாக இருக்கும். பழைய ஃபைலா புதியதா என்று பார்க்க 1992-இல் உள்ள மிதவை எண்ணைப் படி: 3-உம் அதற்கு மேலும் என்றால் புதியது.

நீ 678-இல் இருப்பதைப் படித்து இங்கே எழுது. அதிலிருந்து 4100-ஐக் கழித்து 20-ஆல் வகுத்தால் என்ன வருகிறது? 1,072,000 வராது என்று நினைக்கிறேன். கொஞ்சம் கூட வரும். அந்தக் கொஞ்சத்தில்தான் உன் பீக் நகர்கிறது. வரிசை வீடுகளுக்கு நடுவே சந்து விட்ட மாதிரி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு அதில் நேரம், ஃபிரேம் எண் எல்லாம் எழுதியிருக்கிறது. சந்து இருப்பது தெரியாமல் உன் புரொசீஜர் நேராக எண்ணிக்கொண்டே போகிறது.


கெலுகோர்_மாணவி:

அண்ணே, 108-இல் நீங்கள் சொன்ன அதே எண்கள்தான். புரொசீஜரில் 108-ஐப் படிக்கும் வரி ஒன்று இருக்கிறது, ஆனால் யாரோ அதைக் கமென்ட் ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

678-இல் 21,444,580. வகுத்துப் பார்த்தேன்: 1,072,024. ஃபிரேமுக்கு 24 பைட் கூடுதல்.

அப்புறம் இரண்டாவது ஃபிரேமின் மேல் இடது மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் 12 பிக்சல் படத்தோடு ஒட்டவில்லை. ஒன்பதாவது பிக்சலில் 1, அதற்குப் பின் மூன்று சுழியம். மூன்றாவது ஃபிரேமில் அதே மாதிரி கொஞ்சம் தள்ளி 2, பின் மூன்று சுழியம்.


பாயான்_பழசு:

அதுதான் ஃபிரேம் எண். 24 பைட் என்பது 8 பைட் எண்கள் மூன்று: எக்ஸ்போஷர் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஃபிரேம் எண். 2 பைட் பிக்சலாகப் படித்தால் 12 பிக்சல். ஃபிரேமுக்கு 12 வீதம் தள்ளிக்கொண்டே போய், இருபதாவது ஃபிரேமில் 228 பிக்சல் தள்ளி நிற்கும். உன் கடைசிப் படத்தை அளந்து பார், சரியாக வரும்.

ஆனால் எல்லா ஃபைலுக்கும் 24 என்று எழுதி வைத்துவிடாதே. அளவீடு எடுக்கும்போது நேர முத்திரை, ஃபிரேம் எண் எல்லாவற்றையும் ஆஃப் செய்திருந்தால் கூடுதல் பைட்டே இருக்காது, ஃபிரேம் எண்ணை மட்டும் ஆன் செய்திருந்தால் 8. வாலில் உள்ள எக்ஸ்எம்எல்லை நோட்பேடில் ஒட்டிப் பார். டேட்டாபிளாக் என்ற வரியில் சைஸ் ஒன்று, ஸ்டிரைட் ஒன்று இருக்கும். சைஸ் படத்தின் பைட், ஸ்டிரைட் ஒரு ஃபிரேமின் தொடக்கத்திலிருந்து அடுத்த ஃபிரேமின் தொடக்கம் வரை. உன் நிரல் ஸ்டிரைட்டை நம்பித்தான் நடக்க வேண்டும். பிக்சல் வகையும் அதே வரியில் எழுதியிருக்கும்.

இகோரில் செய்ய வேண்டியது: டேட்டா மெனுவில் லோட் வேவ்ஸ், அதில் ஜெனரல் பைனரி. உள்ளே வருவது குறியில்லாத 16 பிட், வெளியே வேண்டியது 32 பிட் மிதவை. வெளியேயும் 16 பிட்டாகவே விட்டால் பிறகு இருட்டைக் கழிக்கும்போது சுழியத்துக்குக் கீழே போகும் எண்கள் கெட்டுவிடும். தவிர்க்க வேண்டிய பைட் 4100. சிறிய பைட் முதலில் என்பதைத் தேர்வு செய். ஒரே வரிசை, புள்ளிகள் 10,720,240. இந்த எண்ணைக் கொடுக்காமல் விட்டால் வாலில் உள்ள எக்ஸ்எம்எல்லையும் பிக்சல் என்று நினைத்துப் படித்துவிடும்.

வந்த வேவை (இகோரில் எண் வரிசைக்கு அதுதான் பெயர்) ரீடைமென்ஷன் கட்டளையால் 536012-க்கு 20 ஆக மாற்று, ஈ=1 கொடியோடு. அந்தக் கொடி இருந்தால் எண்களை நகர்த்தாமல் வடிவத்தை மட்டும் மாற்றும். பிறகு கடைசி 12 வரிசையை வேறொரு வேவுக்குப் பிரதி எடுத்து வை, தூக்கிப் போடாதே. அப்புறம் டெலீட்பாயின்ட்ஸ், 536000-இல் தொடங்கி 12. மறுபடியும் ரீடைமென்ஷன், ஈ=1, இப்போது 1340, 400, 20.

1340 முதலில் வருவதைக் கவனி. இகோரில் முதல் பரிமாணம்தான் வேகமாக ஓடும். பைத்தான் ஆட்கள் எழுதுவதைப் பார்த்து 400-ஐ முன்னால் போட்டால் படம் சாய்ந்த கோடுகளாக வரும். இன்னொன்று, நியூஇமேஜ் கட்டளை செங்குத்து அச்சைத் தலைகீழாக வைத்துக் காட்டும். சாதாரண வரைபடத்தில் அப்பெண்ட்இமேஜ் போட்டால் அப்படிச் செய்யாது. இரண்டையும் கலந்து பயன்படுத்திவிட்டுப் படம் கவிழ்ந்துவிட்டது என்று இங்கே வந்து கேட்காதே தங்கச்சி.


பிரிக்பீல்ட்ஸ்_பைத்தான்:

அண்ணே என் பெயரைச் சொன்னதால் வந்தேன் :)

இகோரை விடச் சொல்லவில்லை, ஆனால் நடுவில் பைத்தானை வைத்தால் இந்தச் சந்து விவகாரம் ஒரே அடியில் தீரும். பைத்தானின் நம்பை நூலகத்தில் ஒரு கட்டமைப்பு வகை வரையறுத்துக்கொள்ளுங்கள்: முதலில் 400-க்கு 1340 குறியில்லாத 16 பிட், அதன் பின்னால் 64 பிட் முழு எண் மூன்று. ஃப்ரம்ஃபைல் சார்பில் ஆஃப்செட் 4100, எண்ணிக்கை 20. முடிந்தது. படம் ஒரு புலத்தில், நேரம் இன்னொரு புலத்தில், எதையும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. அதை எச்டிஎஃப்5 வகைக் கோப்பாகச் சேமித்தால் இகோர் திறக்கும். இகோர் 9 முதல் அதற்குத் தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

நேர எண்களைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அவை டிக் கணக்கில் இருக்கும், ஒரு நொடிக்கு எத்தனை டிக் என்பது எக்ஸ்எம்எல்லில் ரெசல்யூஷன் என்று எழுதியிருக்கும். அதால் வகுத்தால் நொடி. 20 ஃபிரேமும் சம இடைவெளியில் எடுத்தவை என்று நினைத்துக்கொண்டு நேரத்துக்கு எதிராக ஒளிச்செறிவை வரைகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் சம இடைவெளிதானா என்பதை இந்த எண்தான் சொல்லும். லேசர் படும்போது சாம்பிளின் ஒளி கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறதா என்று பார்க்கிற வேலை என்றால் இது இல்லாமல் முடியாது.

ஆனால் வகையை நிரலில் நிரந்தரமாக எழுதாதீர்கள், ஸ்டிரைட் கழித்தல் சைஸ், வகுத்தல் 8 என்று கணக்கிட்டுப் போடுங்கள். அண்ணன் சொன்னதுதான்.


பட்டர்வொர்த்_நானோ:

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். கால்குலேட்டரை எடு என்று பழசு அண்ணன் சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. ஏஎஃப்எம் (ஊசியால் மேற்பரப்பைத் தடவி உயரம் அளக்கும் நுண்ணோக்கி) எழுதும் நானோஸ்கோப் கோப்புகளில் ஹெடரை நம்புவதே சிக்கல். ஹெடர் வெறும் எழுத்து, நோட்பேடில் படிக்கலாம். டேட்டா ஆஃப்செட், டேட்டா லெங்த், பைட் பெர் பிக்சல் எல்லாம் தனித்தனி வரி. பைட் பெர் பிக்சல் 2 என்று இருக்கும். ஆனால் 9.2 பதிப்பிலிருந்து தரவு 32 பிட்டாகவே எழுதப்படுகிறது, அந்த வரியில் மட்டும் 2 அப்படியே நிற்கிறது. 512-க்கு 512 படத்துக்கு டேட்டா லெங்த் 1,048,576 என்று இருந்தால் பிக்சலுக்கு 4 பைட்தான், அந்த வரி என்ன சொன்னாலும் சரி.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. உயரம் எடுக்க, பழைய கோப்பில் எண்ணை 65536-ஆல் வகுத்து, இசட் ஸ்கேல் வோல்ட்டால் பெருக்கி, ஸ்கேனரின் சென்சிடிவிட்டியால் பெருக்க வேண்டும். சென்சிடிவிட்டி வேறு ஒரு இடத்தில், ஹெடரின் மேல் பகுதியில் இருக்கும். 32 பிட் கோப்பில் 65536-க்குப் பதில் இரண்டின் 32-ஆம் அடுக்கால் வகுக்க வேண்டும். மறந்தால் 1 நானோமீட்டர் படி 65 மைக்ரோமீட்டர் மலையாகிவிடும். அவ்வளவு பெரிய தப்பாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள், அதனால் இதை நான் நல்ல தப்பு என்பேன். சென்சிடிவிட்டியை விட்டுவிட்டு வோல்ட்டையே நானோமீட்டர் என்று வரைவதுதான் கண்ணில் படாமல் போகிற தப்பு. படம் அழகாக இருக்கும், அளவு மட்டும் பொய்.

இந்தக் கோப்புகளைத் திறக்கும் க்விடியன் மென்பொருள் இலவசம், எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது. நீங்களே நிரல் எழுதினாலும் க்விடியன் காட்டும் உயரத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள்.


கெலுகோர்_மாணவி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கோப்பும் திறந்துவிட்டன. 228 பிக்சல் அச்சு அசல். பைத்தான் அண்ணன் சொன்ன நேரக் கணக்கையும் போட்டேன், இடைவெளி சமமாக இல்லை! ஐந்தாவது ஃபிரேமுக்குப் பின் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அந்தக் கூடத்தில் கேட்க வேண்டும்.

இப்போது அலைநீளம். புதிய கோப்பில் எக்ஸ்எம்எல்லில் வேவ்லெங்த் என்று 1340 எண் காற்புள்ளி போட்டு வரிசையாக இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பழைய கோப்பில் அந்த மாதிரி எதுவும் இல்லை. சீனியரின் புரொசீஜரில் ஒரு தொடக்க அலைநீளமும் ஒரு படியும் கையால் எழுதியிருக்கிறது. எல்லாக் கோப்புக்கும் அதே எண்.


பாயான்_பழசு:

கையால் எழுதிய எண்ணை விடு. பழைய ஹெடரிலும் அளவுத்திருத்தம் இருக்கிறது. 3101-ஆம் பைட்டில் பல்லுறுப்புக் கோவையின் படி, ஒரு பைட். 3263-இலிருந்து கெழுக்கள் ஆறு, ஒவ்வொன்றும் 8 பைட் மிதவை எண். முதலாவது நிலையான எண், அடுத்தது பிக்சலால் பெருக்க வேண்டியது, அதற்கடுத்தது பிக்சலின் வர்க்கத்தால், இப்படியே. இகோரில் இதைத் தனி வேவாகக் கட்டி அதற்கு எதிராக வரை. செட்ஸ்கேல் போட்டால் நேர்கோடாகத்தான் எடுத்துக்கொள்ளும், வர்க்க உறுப்பு போய்விடும்.

ஆனால் அங்கே எழுதியிருப்பது, சீனியர் கடைசியாக அளவுத்திருத்தம் செய்தபோது இருந்த நிலைமை. அதற்குப் பின் யாராவது கிரேட்டிங்கை (நிறமாலைமானியில் ஒளியை அலைநீளமாகப் பிரிக்கும் தட்டு) திருப்பினார்களா என்பது ஃபைலுக்குத் தெரியாது. பாதரச விளக்கு வைத்து எடுத்த ஃபைல் ஏதாவது அந்த டிஸ்கில் இருக்கிறதா? அதன் கோடுகள் 404.66, 435.83, 546.07 நானோமீட்டர் மூன்றும் உன் எல்லைக்குள் விழ வேண்டும்.

விளக்கு ஃபைல் இல்லையென்றால் பின்னணி ஃபைல்களைப் பார். லேசரை மூடிவிட்டு எடுத்திருப்பார்கள், அறை விளக்கை அணைக்க மறந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் எல்லா அறையிலும் டியூப் லைட்தான், அதற்குள் இருப்பது பாதரசம். இப்போது எல்லாம் எல்இடி ஆனபின் இந்த வசதி போய்விட்டது, இதற்காகவே எங்கள் இடத்தில் ஒரு பழைய டியூபைக் கழற்ற விடாமல் வைத்திருக்கிறோம்.

546-ஐ மட்டும் நம்பாதே. மூன்று நிறப் பாஸ்பர் டியூபில் டெர்பியம் 544 பக்கத்தில் ஒரு பெரிய மேடு போடும், அது பாதரசக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு நடுப்புள்ளியை இழுக்கும். 404-உம் 435-உம் தனியாக நிற்பவை, அவற்றை எடு.


கெலுகோர்_மாணவி:

அண்ணே, விளக்கை எரியவிட்டே எடுத்த பின்னணிக் கோப்பு நிறைய இருக்கிறது! ஹெடரில் உள்ள கெழுக்களைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடும் கூர்மையாகத் தெரிகின்றன: 405.26, 436.43. பேண்ட் எட்ஜ் பீக்கும் எனக்கு 0.6 அதிகமாகவே வந்துகொண்டிருந்தது, மாதிரியில் இழுவிசை இருக்கிறது என்று எழுதத் தொடங்கியிருந்தேன்.


பாயான்_பழசு:

இரண்டு கோடும் ஒரே 0.60 தள்ளி இருப்பதால் கிரேட்டிங் நகர்ந்திருக்கிறது, விரிவு (ஒரு பிக்சலுக்கு எத்தனை நானோமீட்டர் என்பது) மாறவில்லை. நிலையான எண்ணில் மட்டும் 0.60 குறை, மற்றக் கெழுக்களைத் தொடாதே. அந்தப் பின்னணி எடுத்த தேதியும் மாதிரி எடுத்த தேதியும் ஒன்றுதானா என்று பார்த்துவிடு. ஹெடரில் 20-ஆம் பைட்டிலிருந்து தேதி எழுத்தாகவே இருக்கும். தேதி வேறு என்றால் அந்தந்த நாளின் பின்னணிக் கோப்பை வைத்து அந்தந்த நாளுக்குத் தனியாகக் குறை. எவ்வளவு குறைத்தாய், எந்த ஃபைலைப் பார்த்துக் குறைத்தாய் என்பதை வேவ் நோட்டில் (வேவோடு சேர்ந்தே இருக்கும் குறிப்பு) எழுதி வை, அடுத்து வருகிற பிள்ளையும் உன் புரொசீஜரைத்தான் திறக்கும்.

இழுவிசை பற்றிய பத்தியைப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டாயா?


கெலுகோர்_மாணவி:

இன்னும் இல்லை அண்ணே. நல்ல வேளை.